பின்வரிசையில் நிற்பவர் யார்?

படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் நம்மில் பலர் முதலில் செய்வது என்ன? அதிலே நாம் இருக்கிறோமா என்று பார்ப்பது. நாம் இல்லையென்றால், பெயர் பெற்ற தலைவர் எவரேனும் இருக்கிறாரா என்று தேடுவது. இரண்டும் ஆனபின், "நல்ல படம்!" என்று திருப்பிக் கொடுத்துவிடுவது. இருபது பேர் உள்ள படத்தில் இரண்டு முகங்களைக் கண்டோம். பதினெட்டு முகங்களைக் காணவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரும் இமை கொட்டாமல், மூச்சை அடக்கி, நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள், அறுபது ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள். நாம்தான் பார்க்கவில்லை!

கோட்டையில் கொடியேற்றியவர்களின் படத்தைக் காக்க ஆவணக் காப்பகம் உண்டு, அருங்காட்சியகம் உண்டு. அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நாம் பேச வந்தது, தொழிலாளத் தோழரின் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பூச்சி அரித்த ஓரத்தோடு தொங்குகிறதே, அந்தக் குரூப் போட்டோவைப் பற்றி. சங்கத்தின் ஆண்டு விழாவில் எடுத்தது, படிப்பகத் திறப்பு நாளில் எடுத்தது, அக்காள் திருமணத்தன்று எடுத்தது, மாநாட்டுக்குப் போன இடத்தில் ஆளுக்கு எட்டணா போட்டு எடுத்தது. அதனை ஒருநாள் சுவரிலிருந்து இறக்கி, தூசு தட்டி, சன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஓரத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள். நடுவிலிருந்து தொடங்கவேண்டாம். நடுவைத்தான் எல்லோரும் பார்த்தாயிற்றே!

முதலில் நாற்காலி. அந்நாளில் படம் பிடிப்பவர் முக்காலியின்மேல் மரப்பெட்டிக் காமிராவை நிறுத்துவார். கருப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவங்களைச் சரிபார்ப்பார். பிறகு தகட்டைச் செருகி, மூடியைக் கழற்றி, மனத்துக்குள் எண்ணி, மூடியை மாட்டுவார். எல்லா முகமும் தகட்டில் விழவேண்டுமானால் ஆட்களைப் படிப்படியாக அடுக்கவேண்டும். தரையில் ஒரு வரிசை, நாற்காலியில் ஒரு வரிசை, நிற்பதற்கு ஒரு வரிசை, கூட்டம் பெருத்தால் பெஞ்சின்மேல் ஏறி நிற்க இன்னொரு வரிசை. இது தொழில் கணக்கு. ஆனால் நாற்காலி யாருக்கு, தரை யாருக்கு என்பது காமிராவின் கணக்கா? இல்லை! அது ஊரின் கணக்கு! வருணக் கணக்கு, வருமானக் கணக்கு! காமிராவுக்குச் சாதி தெரியாது. நாற்காலி எடுத்துப் போட்டவனுக்குத் தெரிந்திருந்தது.

பழைய ஜமீன் மாளிகைப் படங்களையும், வெள்ளைக்காரத் துரைமார் வீட்டுப் படங்களையும் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். நடுவிலே துரை; பக்கத்திலே துரைசானி; ஓரத்திலே, பாதித் தோள் வெட்டுப்பட்டு, வெள்ளைத் தலைப்பாகையோடு ஒரு சேவகன். குழந்தையை ஏந்தியபடி ஓர் ஆயா. கீழே பெயர் எழுதியிருப்பார்கள். துரையின் பெயர் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்கும், காலடியில் படுத்திருக்கும் நாயின் பெயர்கூடச் சில ஆல்பங்களில் இருக்கும். குழந்தையை ஏந்திய கைக்குரியவளோ வெறும் "ஆயா"!

சீமையில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகட்டுக்கு வெளிச்சம் நெடுநேரம் தேவைப்பட்டது. கைக்குழந்தை அதுவரை ஆடாமல் இருக்காது. ஆகவே தாயின் மடியில் குழந்தையை வைத்து, தாயின்மேல் திரைத்துணியைப் போர்த்தி, நாற்காலிபோல் ஆக்கிவிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். பிள்ளை தெரியும், பெற்றவள் தெரியமாட்டாள். துணிக்கடியில் இரண்டு கைகளின் வடிவம் மட்டும் புடைத்து நிற்கும். அப்படிப்பட்ட படங்கள் இன்றும் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. நாகரிகத்தின் தொட்டிலிலே தாயின் கதி இது!

அடுத்துத் தோளைப் பாருங்கள். தோளில் துண்டு இருக்கிறதா, இடுப்பில் இருக்கிறதா, அக்குளில் இடுக்கியிருக்கிறதா? இன்றைய இளைஞருக்கு இது உடை அலங்காரம். அன்றைக்கு அது உரிமைப் போர்! மேல்சாதிக்காரர் எதிரில் வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும் என்ற வழக்கம் இருந்த நாடு இது. அந்த வழக்கத்தை எதிர்த்துத் தோளில் துண்டைப் போடச் சொன்னது நம் இயக்கம். ஆகையால் பாட்டனார் படத்தில் துண்டு தோளில் கிடந்தால், அது எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் முன்னிலையில் என்று கேளுங்கள். தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கு அரசாணை கிடைத்தது 1859-இல், அதுவும் எப்படி? "உயர்" சாதிப் பெண்கள் அணிவதைப்போல் அணியக்கூடாது என்ற நிபந்தனையோடு! அந்த வட்டாரத்து வீடுகளில் பழைய படம் இருந்து, அதிலே பாட்டியார் ரவிக்கையும் தோள்சீலையுமாக நிமிர்ந்து நின்றால், அந்தத் துணியைத் துணியென்று எண்ணிவிடலாமா?

கோட்டும் கடிகாரமும் வேறு கதை. அவற்றை அப்படியே நம்பிவிடவேண்டாம். ஸ்டுடியோவில் கோட்டு வாடகைக்குக் கிடைத்தது. கடிகாரம் நண்பனுடையதாக இருக்கலாம். கோட்டின் கை மணிக்கட்டைத் தாண்டி விரல்வரை வந்தால், அது யாருடைய கோட்டோ! ஆனால் சட்டைப் பையில் செருகிய பேனாவை இரவல் என்று கண்டும் நமக்குச் சிரிக்கத் தோன்றுவதில்லை. எழுதத் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை, பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட குலத்திலே பிறந்தவனுக்கு இருந்தால், அது பெருமையா, பகட்டா? பெருமையென்றே சொல்வோம்.

இனி எழுத்து. படத்தில் பலகை இருக்கிறதா? முன்னால் பிடித்திருக்கும் சிலேட்டு, பின்னால் தொங்கும் துணி, சுவரில் ஒட்டிய சுவரொட்டி, எதுவானாலும் சரி. அதிலே ணை, லை, ளை, னை என்ற எழுத்துகளைத் தேடுங்கள். பழைய வடிவில் இவற்றுக்கு முன்னே யானைத் துதிக்கைபோல் ஒரு சுழி வளைந்து நிற்கும். பெரியார் 1935-இல் "குடி அரசு" ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது, துதிக்கையை வெட்டினார். மற்ற எழுத்துகளுக்குள்ள ஐகாரக் குறியையே இவற்றுக்கும் வைத்தார். அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 1978-இல். நடுவே 43 ஆண்டுகள்! அந்த 43 ஆண்டுகளில் பள்ளிப் புத்தகத்தில் பழைய எழுத்து. அரசு அறிவிப்பில் பழைய எழுத்து. அந்தக் காலத்துப் படம் ஒன்றில், ஓலைக் கொட்டகை முகப்பிலே, கோணல்மாணலாக எழுதிய "கிளை" என்ற சொல்லில் துதிக்கை இல்லாத ளை இருந்தால், தோழர்களே, அது யாருடைய கொட்டகை என்று வேறு சான்றும் வேண்டுமோ? எழுதிய கை எந்த ஏட்டைப் படித்துப் பழகிய கை என்பதை அந்த ஓரெழுத்தே சொல்லிவிடுகிறது. ஓவியர் யாரோ! பெயர் இல்லை. எழுத்து இருக்கிறது.

கொடியைப் பற்றியும் ஒரு சொல். "பழைய படத்தில் கொடி முழுக்கக் கருப்பாக இருக்கிறதே, இது நம் கொடியா?" என்று ஒரு தோழர் கேட்டார். நம் கொடிதான். பழைய தகடுகளில் ஒருவகைக்குச் சிவப்பைப் பார்க்கும் கண் இல்லை. சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே இருட்டறையில் அவற்றைக் கழுவலாம். அதனால் சிறிய ஸ்டுடியோக்காரருக்கு வசதி. ஆனால் சிவப்பு எது இருந்தாலும் அந்தத் தகட்டில் கருப்பாகவே விழும். நெற்றிக் குங்குமம் கருப்பு, சேலையின் சிவப்புக் கரை கருப்பு, திராவிடர் கழகக் கொடியின் நடுவிலே உள்ள செவ்வட்டமும் கருப்பு, மேலே கருப்பும் கீழே சிவப்புமான முன்னேற்றக் கழகக் கொடி முழுவதும் கருப்பு! இதை அறியாமல், இந்நாளில் கணினியில் கொடுத்துப் பழைய படத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். கணினி என்ன செய்யும்? கருப்பைக் கண்டால் கருப்பென்றே எண்ணும். அது கண்டு சொல்லவில்லை, கணித்துச் சொல்கிறது. அழகாகத்தான் இருக்கும், பாட்டியின் சிவப்புச் சேலையை நீலமாக்கிக் காட்டினாலும் அழகாகத்தான் இருக்கும்! வண்ணம் பூசிய படத்தை வைத்துக்கொண்டு பழையதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர் வேலை, ஆலைக்குப் போய் வருபவனுக்கு எதற்கு?" என்று கேட்பவர் இருக்கலாம். நாம் அண்மையில் பார்த்த ஒரு படத்தைச் சொல்கிறோம். எதற்கு என்பது விளங்கும்.

வடசென்னையில், மூடிப்போன ஆலை ஒன்றின் தொழிலாளர் குடியிருந்த தெரு. மறைந்த தோழர் ஒருவரின் மகள், எழுபதைத் தாண்டிய அம்மையார், கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த படம் அது. படிப்பகத்தின் முன்னால் 19 பேர். நாற்காலியில் அறுவர், நிற்பவர் ஒன்பதின்மர், தரையில் நால்வர். சுவரிலே சுண்ணாம்பால் வரைந்த உதயசூரியன். ஆகவே 1957-இல் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் புகுந்ததற்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். ஒருவர் கையில் மடித்த ஏடு. "நாடு" என்ற சொல் மட்டும் தெரிகிறது. "திராவிட நாடு" கிழமை ஏடா, "நம் நாடு" நாளேடா? அவர் விரல் மறைத்துவிட்டது!

நடு நாற்காலியைப் பார்த்தோம். பேச்சாளர் எவரோ உட்கார்ந்திருப்பார் என்று எண்ணினோம். இல்லை! காலில் செருப்புக்கூட இல்லாத ஒரு கிழவர். அம்மையார் சொன்னார்: "அவரு எங்க தெருவுக்கே பெரியவரு தம்பி. நெசவுக் கட்டுல இருந்தவரு. பேச வந்தவரு பின்னால நிக்கறாரு பாருங்க, மாலையைக் கழட்டிக் கையில வச்சிக்கினு. 'பெரியவரை உக்கார வைங்க, நான் நிக்கறேன்'னுட்டாராம்." ஜமீன் படத்தில் காணாத காட்சி! நாற்காலியின் கணக்கை மாற்றி எழுதிய காட்சி! நெஞ்சு நிமிர்ந்தது நமக்கு.

தரையில் அமர்ந்த நால்வரில் ஒருவர் வலக்கையைத் துண்டுக்குள் வைத்திருக்கிறார். மற்ற மூவரும் கைகளை முழங்காலில் ஊன்றியிருக்க, இவர் மட்டும் ஏன் மறைக்கிறார்? உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தோம். துண்டின் மடிப்பிலே கட்டை விரலும் அடுத்த விரலும் தெரிகின்றன. மற்றவை இருக்கவேண்டிய இடத்தில் துணி தட்டையாகக் கிடக்கிறது. "மிஷின்ல போச்சு" என்றார் அம்மையார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். எந்த ஆண்டில் போயிற்று, நட்டஈடு கிடைத்ததா, அந்தக் கையோடு எத்தனை ஆண்டு உழைத்தார், ஏதும் தெரியவில்லை. பெயர்? "சின்னப் புள்ளையில மாமான்னு கூப்பிடுவேன் தம்பி. பேரு கேட்டுக்கல."

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது; இந்தியாவிலேயே முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனைச் சொல்வார்கள். வாடியா பெயர் நமக்குத் தெரியும், திரு.வி.க. பெயர் தெரியும், முன்னின்று அமைத்த செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு பெயர்களும் தெரியும். தெரியவேண்டிய பெயர்களே! ஆனால் சந்தா கட்டியவன், கதவடைப்புக் காலத்தில் பாத்திரத்தை அடகு வைத்தவன், விரலை இயந்திரத்துக்குக் கொடுத்தவன் பெயர் எந்த நூலில் இருக்கிறது? எங்கேயாவது இருக்குமானால், இப்படி ஒரு தகரப் பெட்டியில், இப்படி ஒரு படத்தின் பின்புறத்தில் இருக்கவேண்டும். நாம் படத்தைத் திருப்பிப் பார்த்தோம். ஸ்டுடியோவின் முத்திரை இருந்தது. வேறொன்றும் இல்லை.

மீண்டும் முன்பக்கம் திருப்பியபோதுதான் அது கண்ணில் பட்டது. படிப்பகத்தின் வாயில், 19 பேருக்கும் பின்னால். கதவு பாதி திறந்திருக்கிறது. கதவு விளிம்பில் நான்கு விரல்கள். அதற்கு மேலே, இருளிலே, அரை முகம், ஒரு கண். கீழே சேலையின் கரை.

"இது யாரும்மா?"

அம்மையார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அந்தப் படம் அறுபது ஆண்டுகளாக அவர் வீட்டில் இருக்கிறது.

"எங்க அம்மா தம்பி..." என்றார். "இதுல எங்க அம்மா இருக்கறது எனக்கே தெரியாதே! அன்னிக்கு எல்லாருக்கும் டீ போட்டுது எங்க அம்மாதான். உள்ள பாத்திரத்தோட நின்னுக்கினு இருந்திருக்கும். வான்னு கூப்பிட்டிருந்தா வந்திருக்கும். யாரும் கூப்பிடல போல."

அந்த அம்மாளுக்கு வேறு படமே இல்லையாம்.

நாற்காலியின் கணக்கை மாற்றினோம் என்று சற்று முன்புதான் நெஞ்சு நிமிர்த்தினோம்! கிழவருக்கு நாற்காலி தந்த படிப்பகம், தேநீர் தந்தவளுக்குக் கதவிடுக்கைத் தந்தது. பெண்ணுரிமை பேசிய கொட்டகைதான். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு மாநாட்டிலே தீர்மானம் போட்ட இயக்கத்தின் கிளைதான். தீர்மானம் செங்கற்பட்டிலிருந்து புறப்பட்டு அந்தக் கதவுவரை வந்து சேர எத்தனை ஆண்டு தேவைப்பட்டது என்பதை, அந்த அரை முகம் எந்த எதிர்க்கட்சிக்காரனும் கேட்காத குரலில் நம்மைக் கேட்கிறது. கேட்கட்டும். நாம் கேட்கவேண்டிய கேள்விதான்.

1938-இல் மூண்ட முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறை புகுந்த பெண்கள் 73 பேர். தாயோடு சிறை சென்ற குழந்தைகள் 32. மேடைதோறும் எண்ணிக்கையைச் சொல்கிறோம். டாக்டர் தருமாம்பாள் பெயரைச் சொல்கிறோம். திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்த தமிழர் படையில் உடன் நடந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைச் சொல்கிறோம். மேலும் இரண்டொரு பெயர். அதற்குமேல்? "முதலானோர்" என்று முடித்துவிடுகிறோம். அந்த 32 குழந்தைகளில் ஒன்று, உங்கள் வீட்டுப் படத்தில் யார் மடியிலாவது உட்கார்ந்து, ஆடிய கை கலங்கிப்போய்த் தெரிகிறதா? பார்த்தீர்களா?

படத்தின் கீழே பெயர் எழுதும் வழக்கத்தையும் சொல்லியாகவேண்டும். "அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம்" என்று தொடங்குவார்கள். அமர்ந்தவர் பெயர் முடிந்ததும் மை தீர்ந்துவிடும். நிற்பவர்கள் "மற்றும் தோழர்கள்". பெண்கள் இருந்தால் "திருமதி" போட்டுக் கணவர் பெயர். ஏடுகளுக்கும் இதுவே இலக்கணம்: "மற்றும் பலர் உடனிருந்தனர்." அந்தப் பலர் யார்? பலர் என்று பெயர் வைத்த தாய் எவளும் உண்டா?

திருமணப் படங்களுக்கு வருவோம். சுயமரியாதைத் திருமணப் படத்தை அடையாளம் காண, இருப்பதைப் பார்த்தால் போதாது, இல்லாததைப் பார்க்கவேண்டும். ஓமகுண்டம் இல்லை, புகை இல்லை, அம்மி இல்லை, பூணூல் தோள் இல்லை. மேசை இருக்கும், மேசைமேல் ஒலிபெருக்கி இருக்கும். மணமகளுக்கு மணமகனுக்குச் சமமான நாற்காலி இருக்கும். அந்த நாற்காலியைக் கவனியுங்கள், பெண்ணுக்கு நாற்காலி கிடைத்த முதல் நாள் பல குடும்பங்களில் அதுதான்! 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் முன்னிலையில் நடந்த திருமணம் தொடங்கி, ஊர்தோறும் அப்படி நடந்தன. நடந்தனவே தவிர, சட்டம் ஏற்கவில்லை. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம், அத்தகைய திருமணம் செல்லாது என்று ஒரு வழக்கிலே தீர்ப்புச் சொன்னது. செல்லாது என்றால் என்ன பொருள்? மனைவி மனைவியல்ல, மக்கள் முறைப்படிப் பிறந்த மக்களல்ல, சொத்தென்று வரும்போது பங்காளி சிரிப்பான். அத்தனையும் தெரிந்தே அதற்குப் பின்னும் மாலை மாற்றிக்கொண்டார்கள்!

1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இனி நடப்பவை மட்டுமா? முன்னே நடந்தவையும் செல்லும் என்றது. அந்தச் சட்டம் கேட்பது என்ன? உறவினர், நண்பர், பிறர் முன்னிலை. அவ்வளவுதான். புரோகிதரைக் கேட்கவில்லை, புகையைக் கேட்கவில்லை. அப்படியானால், தோழர்களே, அந்தப் படத்தின் பின்வரிசையில் கழுத்தை நீட்டி நிற்கிறார்களே, பாதி முகம் மறைந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் எக்கி, அவர்கள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டமல்லர். சட்டம் கேட்ட சாட்சிகள்! அவர்கள் வந்து நின்றதனால்தான் அது திருமணம். அவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்கள் வீட்டில் தெரியும்?

இப்போது ஒரு புதிய நோய் வந்திருக்கிறது. தலைவரோடு கிளைக்கழகத் தோழர்கள் நிற்கும் பழைய படம் ஒன்று கிடைத்தால், கணினியில் ஏற்றி, தலைவரை மட்டும் வெட்டியெடுத்து, பின்னணியில் கோட்டையை வைத்து, பக்கத்தில் தம் படத்தையும் ஒட்டி ஃபிளெக்ஸ் அடித்துவிடுகிறார்கள். வெட்டப்பட்டவர் யார்? வரும் தலைவருக்காக வண்டி கட்டியவர், கொட்டகை போட்டவர், இரவெல்லாம் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டியவர். அவர்தம் தோளை வெட்டியெறிந்தால், தோளிலே கைபோட்டு நின்ற தலைவரின் கை அந்தரத்தில் தொங்குமே! தொங்குகிறது. சில பதாகைகளில் நாமே பார்த்தோம்.

செய்யவேண்டியதைச் சொல்கிறோம். பெரிய செலவில்லை. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலவேண்டாம். முகம் கண்ணாடியோடு உரிந்துவிடும். கண்ணாடிக்குமேலேயே, ஒளிவிளக்கு மின்னாமல், சற்றுச் சாய்வான வெளிச்சத்தில் கைபேசியில் பிடித்துக்கொள்ளுங்கள். தனித்தாளாக இருந்தால், பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம். அதன் தடம் முன்பக்கம் முகத்தில் வடுவாக எழும், மையும் ஊறும். இன்னும் நல்ல வழி, டிரேசிங் தாளைப் படத்தின்மேல் இலேசாகப் பரப்பி, தலைகளின் உருவத்தை மட்டும் தொட்டும் தொடாமலும் வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் போட்டு, எண்ணுக்கு எதிரே வேறு தாளில் பெயர் எழுதுவது. வெயில் படும் சுவரில் மாட்டவேண்டாம். ஈரச் சுவரிலும் வேண்டாம். மறைந்தவர் படமென்றால் சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் அப்பிவிடுகிறார்களே, அதையும் நிறுத்துங்கள். பகுத்தறிவுக்காக நிறுத்தாவிட்டாலும், படத்துக்காக நிறுத்துங்கள். பூமாலையின் ஈரம் சட்டத்தின் மூலைவழி இறங்கிப் படம் பூத்துப்போவதைப் பல வீடுகளில் காண்கிறோம். பக்தி பெருகப் பெருகப் பாட்டனார் முகம் அழிகிறது!

பெயர் தெரியாதவர்க்கும் இடம் விடுங்கள். "எண் 7: பெயர் தெரியவில்லை. நெசவுப் பிரிவு. வலக்கையில் மூன்று விரல் இல்லை. தெருப் பிள்ளைகள் மாமா என்பார்கள்." இவ்வளவும் எழுதலாமே! நாளைக்கு எவரேனும் ஒருவர், எங்கோ ஓர் ஊரில், "எங்கள் தாத்தாவுக்கு மூன்று விரல் இல்லை" என்று சொல்லக்கூடும். கேட்கவேண்டியவர்களிடம் இப்போதே கேளுங்கள். எழுபது வயதுக்காரரிடம் முதலில் போகாதீர்கள். தொண்ணூறு வயதுக்காரரிடம் போங்கள். பெண்களிடம் தனியே கேளுங்கள். ஆண்கள் பதவியைச் சொல்வார்கள், பெண்கள் பெயரைச் சொல்வார்கள், யார் யாருக்கு உறவு என்பதையும் சொல்வார்கள்.

வடசென்னைப் படத்துக்கு அப்படி ஒரு தாள் தயாராகிவிட்டது. 19 எண் போட்டோம். கதவோரத்தில் 20 போட்டோம். அம்மையாரும் பக்கத்து வீட்டு முதியவர் இருவருமாகச் சேர்ந்து இதுவரை 12 பெயர் சொல்லியிருக்கிறார்கள். இருபதாம் எண்ணுக்கு எதிரே அம்மையார் தம் கையாலேயே தாயின் பெயரை எழுதினார்; கணவர் பெயர் இல்லாமல், தனிப்பெயராக. எட்டுப் பேர் மீதி. எண் 7 அதிலே ஒருவர். அந்தப் படிப்பகத்தில் ஏடு படித்துக் காட்டிய தோழர் ஒருவர் வியாசர்பாடியில் பேரன் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். காது கேட்காதாம், கண் நன்றாகத் தெரியுமாம். வரும் ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு போகிறோம்.